தேக்கா தையல் கடையும் காணாமல் போன கழுத்து டிசைன்களும்

படம் வரவில்லை. கழுத்து டிசைன் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்னக் குறி மட்டும் நின்றது. அத்தை மவுஸை மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு தம்பி?"

இருந்தது. நேற்று வரை அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10, இன்று டெபியன் 13 என்ற லினக்ஸ். மாற்றியது நான்தான். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதை விண்டோஸ் கண்டுகொள்ளாது, டெபியன் கண்டுகொள்ளும். இந்தக் கதை பெரும்பாலும் அதைப் பற்றியது.

அத்தையின் கடை சிங்கப்பூர் தேக்கா சென்டர் மேல்தளத்தில். இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டும் மேஜை, மூலையில் இந்தக் கம்ப்யூட்டர். அதில் ஓடுவது ஒரே ஒரு புரோகிராம். வாடிக்கையாளர் பெயர், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம், அவர் கொண்டுவந்த டிசைனின் படம், கடைசியில் ரசீது. பல வருடங்களுக்கு முன் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் விடுமுறையில் எழுதிக் கொடுத்தது. பிஎச்பி என்ற புரோகிராம் மொழியும் மரியாடிபி என்ற டேட்டாபேஸும், ஸாம்ப் என்ற பொட்டலத்தில் சேர்ந்து வந்தவை. அவர் படிப்பை முடித்துப் போனபின் நடுநடுவே நான் ஒட்டுப் போட்டு வந்திருக்கிறேன்.

மாற்ற வேண்டிய காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. கடையில் இருப்பது இன்டெல் 6-ஆம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 கேட்பது 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். நல்லாத்தானே ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. தீபாவளியோ அக்டோபர் 20. "தீபாவளி முடியட்டும். அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைத் தொட்டே, கையை வெட்டிடுவேன்" என்று கத்தரிக்கோலோடு சொன்னார் அத்தை. ஆகவே நவம்பர் 1, சனிக்கிழமை, கடை மூடியபின் உட்கார்ந்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய புது எஸ்எஸ்டியில் டெபியனைப் போட்டேன். பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்தது அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

முதல் தடங்கல்: டேபிள்கள்

படப் பிரச்சினைக்கு முன்னாலேயே ஒன்று வந்தது. பழைய விண்டோஸிலிருந்து டேட்டாபேஸைக் கொட்டி எடுத்து, டெபியனில் ஏற்றி, புரோகிராமைத் திறந்தால் பிழை எண் 1146: அப்படி ஒரு டேபிளே இல்லை. கண்ணெதிரே டேபிள் இருக்கிறது.

காரணம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம். நம் எழுத்தில் பெரியது சின்னது என்ற பேதமே கிடையாது. 'கஸ்டமர்ஸ்' என்று நான் எப்படி எழுதினாலும் ஒன்றுதான். அதனால் பெரிய சி, சின்ன சி என்று வாயால் சொல்லிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரோகிராமின் கோடில் டேபிள் பெயர் பெரிய சி-யில் தொடங்குகிறது. டிஸ்க்கில் இருப்பது சின்ன சி. மரியாடிபியும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸும் ஒவ்வொரு டேபிளையும் ஒரு ஃபைலாக வைப்பவை. அதனால் அடியில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையின்) குணம் அப்படியே மேலே டேபிள் பெயருக்கும் வந்துவிடுகிறது. இதற்கென்றே 'லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. லினக்ஸில் அதன் இயல்பு மதிப்பு 0: பெயரை எழுதியபடியே வை, எழுதியபடியே தேடு. விண்டோஸில் 1: எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி வை. மேக்கில் 2: எழுதியபடி வை, தேடும்போது மட்டும் கண்டுகொள்ளாதே. மூன்று ஊருக்கு மூன்று வழக்கம். பழைய விண்டோஸ் மதிப்பு 1-ஆக இருந்ததால் வெளியே வந்த டேபிள்கள் எல்லாமே சின்ன எழுத்து. கோடு எழுதிய மாணவரோ பெரிய எழுத்துப் பிரியர்.

சர்வரின் அமைப்பு ஃபைலில் ஒரு வரி சேர்த்து 1 என்று கொடுத்து, மறுபடி துவக்கினேன். முடிந்தது. மைஎஸ்க்யூஎல் 8 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அங்கே இதை முதன்முதலில் டேட்டா ஃபோல்டரை உருவாக்கும்போதே கொடுத்தாக வேண்டும், பிறகு மாற்ற விடாது. என்னுடையது மரியாடிபி என்பதால் தப்பித்தேன். இது குறுக்குவழி என்று தெரியும். அன்று இரவு மணி பதினொன்று, கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

படங்கள்

ஞாயிறு காலை அத்தை காட்டிய படம் வராத ஆர்டரை எடுத்துக்கொண்டேன். டேட்டாபேஸில் எழுதியிருந்த பெயர் ஐஎம்ஜி, அடிக்கோடு, 2204, புள்ளி, ஜேபிஜி. எல்லாம் சின்ன எழுத்து. ஃபோல்டரில் இருந்தது அதே பெயர், எல்லாம் பெரிய எழுத்து.

பெரிய எழுத்து எங்கிருந்து வந்தது என்பது எளிது. டிஜிட்டல் கேமராக்கள் ஃபைலுக்குப் பெயர் வைப்பதற்கு டிசிஎஃப் என்று ஒரு விதி இருக்கிறது: எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்துப் பின்னொட்டு, அத்தனையும் பெரிய எழுத்து. டாஸ் காலத்து ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தின் வழக்கத்தின் எச்சம். ஃபோன்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன. சின்ன எழுத்து எங்கிருந்து வந்தது? அதைக் கோடில் தேடினேன். படத்தை ஏற்றும் பக்கத்தில் மாணவர் இப்படிச் செய்திருந்தார்: ஃபைலை வந்த பெயரிலேயே ஃபோல்டரில் போடுகிறார், டேட்டாபேஸில் எழுதும்போது மட்டும் பெயரைச் சின்ன எழுத்தாக்கி எழுதுகிறார். ஒரே செயலின் இரண்டு பாதிகள் இரண்டு பெயர்களைச் சொல்கின்றன. விண்டோஸில் எண்டிஎஃப்எஸ் டிஸ்க் பெயரை எழுதியபடியே காப்பாற்றும், ஆனால் தேடும்போது எழுத்தின் அளவைப் பார்க்காது. அதனால் இந்த முரண் இத்தனை வருடம் யார் கண்ணிலும் படவில்லை. டெபியனின் ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4-க்கு ஃபைல் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவுதான். சாய்கோடும் வெற்று பைட்டும் தவிர எது வேண்டுமானாலும் பெயரில் இருக்கலாம். பெரிய ஐ ஒரு பைட், சின்ன ஐ வேறு பைட். அது எழுத்தையே பார்ப்பதில்லை. அப்புறம் எழுத்தின் அளவை எங்கே பார்ப்பது?

மொத்தப் படங்களில் பாதிக்கு மேல் இந்த நிலை. மீதி நன்றாக வந்ததற்குக் காரணம், அவை வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கியவை. அவற்றின் பின்னொட்டு சின்ன எழுத்தில்தான் இருக்கும், முன்பெயரை அத்தை தன் கையால் சின்ன எழுத்தில் மாற்றியிருந்தார்.

ஒரு வழி எடுத்தேன், பிறகு விட்டேன்

இங்கே ஆசை காட்டியது கேஸ்ஃபோல்ட். 2019-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.2-லிருந்து ஈஎக்ஸ்டி4-இலேயே, ஒரு குறிப்பிட்ட ஃபோல்டருக்கு மட்டும் எழுத்தளவு பாராத குணத்தைக் கொடுக்க முடியும். முதலில் பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கின் அந்தப் பிரிவில், இந்த வசதியைச் சேர்க்க வேண்டும். பிறகு காலியாக இருக்கும் ஃபோல்டருக்கு சேஞ்ச்-ஆட்ரிபியூட் கட்டளையில் பெரிய எஃப் கொடுக்க வேண்டும். காலி ஃபோல்டர்தான், ஏற்கெனவே ஃபைல் இருந்தால் ஒத்துக்கொள்ளாது. எஸ்எஸ்டியில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். அங்கே இப்படி ஒரு பார்ட்டிஷன் போட்டு, படங்களை உள்ளே ஊற்றி, புரோகிராமைத் திருப்பி விட்டேன். எல்லாப் படமும் வந்துவிட்டது. அத்தை கீழே போய் எனக்கு ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கி வந்தார்.

தே தாரிக்கைக் குடித்து முடிப்பதற்குள் நானே அதைக் கெடுத்துக்கொண்டேன். பேக்கப் எடுத்துப் பார்ப்போம் என்று வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அந்த நகலிலிருந்து புரோகிராமை ஓட்டினேன். பாதிப் படம் காணோம். அந்தக் குணம் ஃபோல்டருக்கு உரியது, ஃபைலுக்கு உரியதில்லை. நகலோடு சேர்ந்து போகாது. அதாவது நாளை டிஸ்க் போய், பேக்கப்பிலிருந்து மீட்கும் அந்தப் பதற்றமான நாளில் இதே நோய் திரும்ப வரும். அன்றைக்கு நான் ஊரில் இருப்பேனா என்பதும் தெரியாது. சுவரில் விரிசலுக்குக் காலண்டர் மாட்டுவது போலத்தான் இது.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத்தளவு பாராத ஃபைல் சிஸ்டம் என்ற யோசனையையே வெறுப்பவர். 2025 ஏப்ரலில் பீகேஷ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பற்றிய விவாதத்திலும் இதையே காட்டமாகச் சொன்னார். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. விண்டோஸுக்கென்று எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுபவர்களுக்கு இந்த வசதி வேண்டும். அவர்கள் கோடைத் திருத்த முடியாது. என் கையில் கோடு இருக்கிறது. திருத்த முடிந்தவன் திருத்திவிட வேண்டியதுதான்.

அந்தப் பார்ட்டிஷனை அழித்தேன். முடிவு: டிஸ்க்கில் எல்லாப் பெயரும் சின்ன எழுத்து, டேட்டாபேஸிலும் சின்ன எழுத்து, ஏற்றும் பக்கம் ஒரே இடத்தில் ஒரே முறை பெயரைச் சின்னதாக்கி இரண்டுக்கும் அதையே கொடுக்க வேண்டும். பெர்ல் மொழியில் எழுதிய ரீனேம் கருவியை வைத்து, முதலில் வெள்ளோட்டமாக என்ன மாற்றப் போகிறாய் என்று மட்டும் காட்டச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் கருவியில் ஒரு நல்ல குணம்: புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் மேலே எழுதாமல் மறுத்துவிடும். அது பின்னால் என்னைக் காப்பாற்றியது. ஞாயிறு மதியம் அத்தனை படமும் வந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

சத்தமில்லாமல் நடந்தது

புதன்கிழமை அத்தையிடமிருந்து அழைப்பு. "இந்த மாசத்துல எடுத்த படம் பாதியத்தான் காட்டுது தம்பி. பிழைன்னு ஒண்ணும் வரலை."

பிழை வராததுதான் பயமாக இருந்தது. வேலை முடிந்து நேரே போனேன். புரோகிராம் மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் தானே உருவாக்கிக்கொள்ளும். அதைச் செய்யும் கோடு இரண்டு இடத்தில் இருந்தது: கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றும் பக்கம், ஃபோனிலிருந்து ஏற்றும் பக்கம். ஒன்று நவம்பருக்குப் பெரிய என் போட்டது, மற்றொன்று சின்ன என். விண்டோஸில் இரண்டாவது பக்கம், 'ஃபோல்டர் இருக்கிறதா?' என்று கேட்டால் இருக்கிறது என்று பதில் வரும், அதிலேயே போடும். டெபியனில், இல்லை என்று பதில், சரி, உருவாக்கு. ஆக இரண்டு நவம்பர். ஞாயிறன்று நான் பழைய ஃபோல்டர்களை மட்டும் சரிசெய்தேனே தவிர, திங்கட்கிழமை புதிதாக எது முளைக்கும் என்று யோசிக்கவில்லை.

வாசிக்கும் இடத்தில் பெயர் தவறினால் புரோகிராம் கத்தும். எழுதும் இடத்தில் தவறினால் அது பாட்டுக்குப் புதிதாக ஒன்றை உருவாக்கிவிட்டு அமைதியாக இருக்கும். இப்படி ஒரு மாற்றத்தைச் செய்பவர்கள் முதல் வாரம் முழுக்க டிஸ்க்கில் புதிதாக என்ன உருவாகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது. நான் இப்போது தினமும் இரவு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓட விடுகிறேன். ஃபைண்ட் கட்டளை கொடுக்கும் முழு ஃபைல் பட்டியலை எழுத்தளவு பாராமல் வரிசைப்படுத்தி, யூனிக் கட்டளையிடம் எழுத்தளவு பாராமல் இரட்டையாக வருவதை மட்டும் காட்டு என்று கேட்பது. பட்டியல் காலியாக வந்தால் நிம்மதி.

இரண்டு நவம்பரையும் ஒன்றாக்கப் போனபோதுதான் ரீனேம் மறுத்தது. ஐஎம்ஜி 0007 இரண்டு ஃபோல்டரிலும் இருந்தது. ஒன்று போட் நெக் வைத்த கத்தரிப்பூ நிற ரவிக்கை. மற்றொன்று முதுகில் ஆரி வேலையில் மயில் வைத்த பச்சை. இரண்டு ஃபோன், இரண்டுமே புதிது போல, இரண்டும் 0001-லிருந்து எண்ண ஆரம்பித்திருக்கின்றன. விண்டோஸாக இருந்திருந்தால் இரண்டாவது வந்தது முதலாவதை அழித்திருக்கும், யாருக்கும் தெரியாமலே. இதற்கு முன் அப்படி எத்தனை அழிந்ததோ. இங்கே இரண்டும் பிழைத்தன. ஆனால் பழைய கோடு ஃபோல்டர் பெயரை டேட்டாபேஸில் எழுதுவதில்லை, மாதத்தை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளும். ஆகவே எந்த 0007 எந்த ஆர்டருக்கு என்று டேட்டாபேஸுக்கும் தெரியாது. அத்தையிடம் காட்டினேன். கத்தரிப்பூ யாருடையது என்று உடனே சொன்னார். பச்சை நினைவுக்கு வரவில்லை.

இப்போது படம் ஏறும்போதே ஆர்டர் எண்ணையும் நேரத்தையும் சேர்த்துப் பெயர் வைக்கிறது புரோகிராம். ஃபோன் வைத்த பெயரை நம்புவதே இல்லை.

ரசீது வரும், வராது

இது இருப்பதிலேயே விசித்திரம். ஆர்டர் பக்கம் வழியாகப் போனால் ரசீது அச்சாகிறது. பழைய ரசீதைத் தேடி எடுத்து அச்சிடச் சொன்னால் வெள்ளைப் பக்கம். இரண்டுமே ரசீது வகுப்பைத்தான் (கோடில் 'கிளாஸ்' என்ற பகுதி) கூப்பிடுகின்றன, ஃபைலும் ஒன்றுதான். அரை மணி நேரம் பிரிண்டரைச் சந்தேகித்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கம்தான்.

பிஎச்பியில் மாறிகளின் பெயரில் பெரிய சின்ன எழுத்து பேதம் உண்டு. வகுப்புகள், செயல்பாடுகளின் பெயரில் கிடையாது. ஆனால் வகுப்பு இருக்கும் ஃபைலைத் தேடி எடுத்துத் தரும் ஆட்டோலோடர், கோடில் நாம் எழுதிய எழுத்தை அப்படியே வைத்து ஃபைல் பெயரை உருவாக்கும். ஃபைல் பெரிய ஆர். பழைய ரசீது பக்கத்தில் யாரோ சின்ன ஆர் போட்டு எழுதியிருக்கிறார்கள் (யாரோ என்ன, நான்தான், என் கைவரிசை எனக்குத் தெரியாதா). ஆட்டோலோடர் சின்ன ஆர் ஃபைலைத் தேடிப் போய்க் காணாமல் திரும்புகிறது. வகுப்பு இல்லை, பக்கம் செத்துப்போகிறது.

அப்படியானால் ஆர்டர் பக்கம் எப்படி ஓடுகிறது? அங்கேயும் அதே சின்ன ஆர் வரி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், ரசீது எண்ணைக் கணக்கிட, இன்னொரு வரி பெரிய ஆர் போட்டு அந்த வகுப்பைக் கூப்பிட்டுவிட்டது. ஃபைல் ஏறிவிட்டது, வகுப்பு நினைவில் இருக்கிறது. பின்னால் வரும் சின்ன ஆர், பிஎச்பியின் கணக்கில் அதே வகுப்புதான். ஆட்டோலோடர் வரை போக வேண்டியதே இல்லை. முன்னால் வந்த சரியான எழுத்து பின்னால் வந்த தப்பு எழுத்தை மறைத்துக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு வரியின் இடத்தை மாற்றியிருந்தால் அதுவும் விழுந்திருக்கும்.

பைத்தானில் இந்தத் தலைவலி குறைவு. எழுத்தளவு பாராத டிஸ்க்கிலும் இம்போர்ட் செய்யும்போது பெயரைச் சரியாகப் பார்ப்பது 2.1 பதிப்பிலிருந்தே அதில் உண்டு. அப்போது எரிச்சலாக இருந்திருக்கும், இப்போது மதிப்புத் தெரிகிறது.

திருத்தினேன், திருத்தம் வரவில்லை

அந்த வகுப்பு ஃபைல்களையும் சின்ன எழுத்துக்கே மாற்றிவிடலாம் என்று வீட்டில், என் விண்டோஸ் லேப்டாப்பில் பெயர்களை மாற்றினேன். கோடு, அதன் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் என்ற கருவியில் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் பெயர் மாற்றி, கிட்டிடம் நிலை கேட்டால், மாற்றம் ஒன்றும் இல்லை என்கிறது. மற்ற திருத்தங்களோடு அனுப்பிவிட்டேன். மறுநாள் கடையில் எல்லா ரசீதும் வெள்ளை. நன்றாக இருந்ததும் போயிற்று.

கிட், ஒரு ரெப்போவை (கோடு சேமிப்பிடத்தை) உருவாக்கும்போதே அடியில் இருக்கும் டிஸ்க்கைச் சோதித்து, எழுத்தளவு பாராத டிஸ்க் என்றால் 'இக்னோர் கேஸ்' என்பதைத் தானே இயக்கிக்கொள்கிறது. அதன்பின் டிஸ்க்கில் நீங்கள் பெரிய ஆரைச் சின்ன ஆர் ஆக்கினாலும் அதற்கு அது பழைய ஃபைல்தான். அதன் பட்டியலில் பெரிய ஆரே நிற்கிறது, டெபியனில் போய் இறங்குவதும் பெரிய ஆரே. கோடு மட்டும் சின்ன ஆருக்கு மாறிவிட்டது. டிஸ்க்கைப் பார்த்து ஏமாறாமல் கிட்டின் பட்டியலையே கேட்டுப் பார்க்க எல்எஸ்-ஃபைல்ஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதைப் பார்த்ததும் விளங்கியது. கிட்டின் எம்வி கட்டளையால் முதலில் ஒரு தற்காலிகப் பெயருக்கும், அங்கிருந்து சின்ன எழுத்துப் பெயருக்கும் மாற்றி அனுப்பினேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு லேப்டாப்பில் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எழுத்தளவு பார்க்கும் ஃபோல்டராக மாற்றிக்கொண்டேன். விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து எஃப்எஸ்யூடில் கட்டளையில் இந்த வசதி இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் உள்ஃபோல்டர்களுக்குத் தானாகப் பரவாது, ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டும். இப்போது கடையில் விழும் பிழை முதலில் என் வீட்டிலேயே விழுகிறது.

இரண்டு பொங்கல்

எல்லாம் சின்ன எழுத்து, எல்லாம் சரி என்று இருந்தபோது டிசம்பரில் அத்தை மகள் ஒரு ஜிப் ஃபைல் அனுப்பினாள். அவளுடைய பழைய மேக்புக்கில் வருடக்கணக்காகச் சேர்த்த டிசைன்கள், தமிழ்ப் பெயரில் ஃபோல்டர் பிரித்து வைத்தவை: தீபாவளி, கல்யாணம், பொங்கல், போட் நெக், பஃப் கை. அதே பெயர்களில் கடையிலும் ஃபோல்டர்கள் உண்டு. பிரித்து மேலே ஊற்றினேன். தீபாவளி தீபாவளியோடு சேர்ந்தது. கல்யாணம் கல்யாணத்தோடு. பஃப் கை பஃப் கையோடு. பொங்கல் மட்டும் இரண்டாக நின்றது. போட் நெக்கும் இரண்டு.

தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்று முன்னே எழுதினேன் அல்லவா. திரையில் இரண்டு பொங்கலும் புள்ளி பிசகாமல் ஒன்று. பின்னால் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. என் இரவு ஸ்கிரிப்ட்டும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு பெயரின் நீளத்தை பைட்டில் எண்ணச் சொன்னேன். ஒரு பொங்கல் 21 பைட், இன்னொரு பொங்கல் 24.

மூன்று பைட் என்றால் யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒரு குறி. எங்கே அந்த அதிகப்படிக் குறி? எந்தெந்த ஃபோல்டர் உடைந்தது என்று பார்த்தால் பதில் அதிலேயே இருந்தது. பொ, போ. பள்ளியில் படித்த கொம்பும் காலும். 'பொ' எழுத ப-வுக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால். யுனிகோடில் இந்த ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாக. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இப்படியே. சட்டப்படி இரண்டும் சமம், திரையில் வேறுபாடு தெரியாது. பைட்டுகள் வேறு. தீபாவளியிலும் கல்யாணத்திலும் இந்தக் குறிகளே இல்லை, அதனால் அவை தப்பித்தன. பஃப் கையில் இருக்கும் ஐகாரம் ஒற்றைக் குறிதான், அதுவும் தப்பித்தது.

நம் கீபோர்டுகள் பொதுவாகச் சேர்ந்த குறியைத் தருகின்றன. பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டமோ எந்தப் பெயர் வந்தாலும் பிரித்தே எழுதும். அங்கே கட்டிய ஜிப்பில் பிரிந்த பெயர்கள்தான் வரும். கொரிய மொழிக்காரர்கள் இதில் நம்மைவிட அதிகம் அவதிப்படுகிறார்கள். மேக்கிலிருந்து வந்த ஃபைல் பெயர் விண்டோஸில் தனித்தனி எழுத்துத் துண்டுகளாக உதிர்ந்து கிடக்கும். நமக்கு உதிர்வதுகூட இல்லை, ஒன்றும் தெரியாது, அதுதான் வம்பு. 2017-இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பெயரைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நான் கழற்றி எறிந்த அந்தக் கேஸ்ஃபோல்ட் இருந்திருந்தால் இரண்டு பொங்கலும் ஒன்றாகியிருக்கும். எழுத்தளவோடு இந்தச் சமநிலையையும் சேர்த்தே பார்ப்பது அது. திரும்பப் போடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பேக்கப் நினைவுக்கு வந்தது, விட்டேன்.

கான்வெம்வி என்ற கருவி இருக்கிறது. ஃபைல் பெயர்களின் குறியாக்கத்தை மாற்றுவதற்கென்றே உள்ளது. சேர்ந்த வடிவத்துக்கு மாற்று என்றால் மாற்றும். சும்மா ஓட்டினால் என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்லும், நிஜமாகச் செய்யத் தனியே அனுமதி கொடுக்க வேண்டும். புதிதாக வந்த ஃபோல்டர்களைத் தனி இடத்தில் பிரித்து, அங்கே மாற்றி, பிறகு ஊற்றினேன். பொங்கலும் பொங்கலும் சேர்ந்தன. ஏற்றும் பக்கத்தில், பெயரைச் சின்ன எழுத்தாக்கும் அதே வரிக்கு முன்னால், பிஎச்பியின் நார்மலைசர் வகுப்பால் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தேன். இரவு ஸ்கிரிப்ட்டுக்கும் அதையே கற்றுக்கொடுத்தேன்.

இதிலும் பிடிபடாத ஒன்று உண்டு. கௌரி என்று ஒரு வாடிக்கையாளரைத் தேடினால் வரமாட்டார். அத்தை ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டுப் பின்னால் ளகரத்தைத் தட்டிவிடுவார். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. எந்த நார்மலைசரும் சமமாக்காது. அத்தையிடம் சொன்னேன். "நான் எழுதுறது எனக்குக் கிடைக்குதே" என்றார். அவரே தட்டி அவரே தேடும்வரை அது உண்மைதான். ஆகவே விட்டுவிட்டேன்.

டேபிள் பெயருக்கு நான் போட்ட அந்த 1 இன்னும் அப்படியே இருக்கிறது. கோடில் பெரிய சி-க்கள் இன்னும் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, இன்னும் வாய்க்கவில்லை. பழைய டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் உறையில், அத்தையின் நூல்கண்டு டிராயரில் கிடக்கிறது.

மயில் வைத்த பச்சை ரவிக்கைக்கு இன்னும் ஆள் தெரியவில்லை. அந்தப் படத்தைத் தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் 'யாரோ' என்று பெயர் வைக்கப் போனேன், அதில் கொம்பும் காலும் வருகிறது. 'யாருடையது' என்று வைத்தேன்.